அப்பாவிடம் கேட்டாயா?

வியன்னா
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அப்பாவும் அத்தையும் நல்ல சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அத்தானே பார்த்து நோட்டில் குறித்து வைக்கிறார். அத்தைக்கு வந்த புதிதில் இருந்த குளிர் பயம் விட்டுப்போயிற்று. ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் எப்போது விளக்கேற்றுவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

நீதான் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய். இங்கே நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவும்போது அங்கே நடுராத்திரி. அதுவரை முழித்திருந்து போன் பண்ணி, அப்பா மாத்திரை போட்டாச்சா, பால் குடிச்சாச்சா என்று விசாரிக்க வேண்டாம்டா. நானும் அவர் பெற்ற பிள்ளைதானே, பார்த்துக்கொள்ள மாட்டேனா? போனில் பேசுகிறபோது பக்கத்தில் எப்போதும் அப்பா இருக்கிறார். உன்னிடம் தனியாகச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதனால்தான் கடிதம். கோபப்படாமல் கடைசி வரைக்கும் படி.

நீ கொடுத்தனுப்பிய பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. எண்ணெய்ப் பலகாரம் கூடாது, உப்புக் குறைவு, ராத்திரி ஏழரைக்குள் சப்பாத்தி. எல்லாம் அப்படியே நடக்கிறது. இன்று மத்தியானம் மட்டும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு அப்பாவை ஷ்னிட்சல் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனோம். வியன்னாவுக்கு வந்துவிட்டு ஷ்னிட்சல் சாப்பிடாமல் திரும்புவதா என்று அத்தான் ஒரே பிடிவாதம். கறியை ஏடு போலத் தட்டி, மாவிலும் முட்டையிலும் ரொட்டித்தூளிலும் புரட்டிப் பொரிப்பதுதான் அது. நம் வீட்டுக்கு வந்தபோது அத்தான் பொரித்துக் கொடுத்தாரே, நினைவிருக்கிறதா?

பிள்ளைகளுக்கு வோல்சைலே தெருவில் இருக்கும் ஃபிகில்முல்லருக்குப் போக ஆசை. 1905-ல் தொடங்கிய கடை. முப்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு, தட்டின் விளிம்பைத் தாண்டித் தொங்குகிற ஷ்னிட்சலுக்குப் பேர்போனது. ஊர் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். வரிசையில் நிற்க அப்பாவின் முழங்கால் இடம் கொடுக்காது. அந்தப் பெரிய ஷ்னிட்சல் பன்றிக்கறியில் செய்வது, நமக்கு அது பழக்கமும் இல்லை. அதனால் நாங்கள் வழக்கமாகப் போகிற ஏழாவது வட்டாரத்துப் பழைய கடைக்கே போனோம். இந்த மாதிரிக் கடையை இங்கே பைஸ்ல் என்பார்கள். பாதிச் சுவர் வரைக்கும் கறுத்துப்போன மரப்பலகை, கட்டம் போட்ட மேசை விரிப்பு, உள்ளே நுழைந்ததும் பீர் ஊற்றுகிற மேடை. பரிமாறுகிறவருக்கு அறுபது வயதிருக்கும். கறுப்பு அரைக்கோட்டு, இடுப்பில் தடித்த தோல் பர்ஸ்.

அடுத்த வருஷம் உன் மாமனார் மாமியாரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறாயே, இதை மட்டும் மனசில் வைத்துக்கொள். வீனர் ஷ்னிட்சல் என்று வெறுமனே போட்டிருந்தால் அது கன்றுக்குட்டிக் கறி. ஆஸ்திரியாவின் உணவு விதிப்புத்தகமே அப்படி வரையறுத்திருக்கிறது. பன்றிக்கறி என்றால் அதையும் சேர்த்து எழுதியாக வேண்டும். நாம் கோழி என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். பக்கத்தில் வைக்கிற உருளைக்கிழங்கு சாலட் பார்க்கச் சைவமாகத் தெரியும். ஆனால் கிழங்கு சூடாக இருக்கும்போதே மாட்டெலும்பு சூப்பையும் காடியையும் கடுகு விழுதையும் ஊற்றிப் பிசறுவதுதான் இந்த ஊர் முறை. தெளிந்த சூப்பில் தோசைக் கீற்று மாதிரி ஏதோ மிதந்தால் அதுவும் மாட்டு சூப்தான். சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் பொரிப்பார்கள். மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் சின்ன எழுத்துகள் இருக்கும்: ஏ என்றால் கோதுமை வகை, சி என்றால் முட்டை, ஜி என்றால் பால். ஒவ்வாமைக்காக 2014 டிசம்பரிலிருந்து இந்த விவரத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. முட்டை தொடாத அத்தைக்கு அந்த சி பெரிய உதவி. ஆனால் கறி சூப்பை அந்த எழுத்துகள் காட்டாது. அதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள், கூச்சப்படாதே.

இனி அப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே வந்த நாளிலிருந்து அப்பா வாயில் ஒரே பதில்தான். காப்பியா டீயா? எது இருந்தாலும் சரி. அரண்மனை பார்க்கப் போவோமா, ஆற்றங்கரைக்குப் போவோமா? எது இருந்தாலும் சரி. அம்மா போன பிறகு அவர் இப்படி ஆகிவிட்டார் என்று நீ எழுதியிருந்தாய். நேரில் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறதுடா. மளிகைக்கடையில் கடன் கேட்டு வந்தவனையே கால் மணி நேரம் நிற்க வைத்து ஊர்க்கதை பேசுகிற மனுஷன். துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே எந்தச் சரக்கு என்று சொல்கிற மனுஷன். மெனுவை அவர் முன்னால் விரித்தபோதும் அதே பதில்தான்.

அப்போது உள்ளேயிருந்து டொம் டொம் என்று சத்தம் கேட்டது. அப்பா தலையைத் தூக்கினார். "ஏட்டி, உள்ள என்னத்த இடிக்காங்க?" என்றார். கறியைத் தட்டி மெல்லிசாக்குகிறார்கள் என்றேன். "எவ்வளவு மெல்லிசா?" எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு அப்பாவின் கேள்வியை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். நாலு மில்லிமீட்டர் என்று விரலால் காட்டினார் அவர். அப்பா அடுத்த கேள்வி கேட்டார். "எந்த எண்ணெய்ல பொரிக்காங்க?"

பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிடப் போனால் அப்பா எந்த இடத்தில் உட்காருவார் என்று உனக்குத் தெரியும். கல்லுக்குப் பக்கத்து மேசை காலியாகும் வரைக்கும் நம்மையும் நிற்க வைப்பார். அதே அப்பா திரும்பி வந்ததைப் பார்த்தேன். பரிமாறுகிறவர் என்ன நினைத்தாரோ, வாருங்கள் என்று சைகை காட்டி அப்பாவைச் சமையலறை வாசலுக்கே கூட்டிக்கொண்டு போனார். கூடவே மொழிபெயர்க்க நானும் போனேன்.

அகலமான இரும்புச் சட்டி. அதில் புட்டர்ஷ்மால்ட்ஸ், அதாவது வெண்ணெயை உருக்கிக் கசடெடுத்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா மூக்கை உறிஞ்சி, "இது நெய் மணம்லா!" என்றார். பச்சை வெண்ணெயாக இருந்தால் இந்தச் சூட்டுக்குக் கருகிப்போயிருக்கும் என்று அவரே காரணமும் சொன்னார். சமையல்காரப் பெண் கோழிக்கறியை மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் முக்கி, ரொட்டித்தூளில் போட்டு எடுத்தாள். தூளை அழுத்தவே இல்லை, தூவி உதறியதோடு சரி. அழுத்தினால் மேலோடு கறியோடு ஒட்டிக்கொண்டு உப்பாதாம். சட்டிக்குள் போட்டதும் கைப்பிடியைப் பிடித்து வட்டமாக ஆட்டிக்கொண்டே இருந்தாள். கொதிக்கிற நெய் மேலே மேலே அலையடித்து ஏற, மேலோடு அங்கங்கே கொப்புளித்துக் கறியைவிட்டு எழும்பியது. அப்பா கண் கொட்டாமல் பார்த்தார். சூடு பத்தாவிட்டால் எண்ணெய் குடிக்கும், கூடினால் உள்ளே வேகாது என்று எனக்குச் சொன்னார். அதையே அந்தப் பெண்ணிடமும் சொல்லச் சொன்னார். சொன்னேன். 170 டிகிரி என்று சொல்லி அவள் தலையாட்டினாள். மாட்டுக்கறி பொரித்த நெய்யா என்றும் கேட்கச் சொன்னார். உங்களுடையதற்குப் புதுச் சட்டி, புது நெய் என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் மேசைக்கு வந்து, "எனக்குக் கோழியில ஒண்ணு சொல்லு" என்றார்.

கேட்டாயா தம்பி, எனக்கு ஒன்று சொல்லு என்றார்!

தட்டு வந்தது. பொன்னிறத்தில் அலை அலையாக மேலோடு, மேலே ஒரு துண்டு எலுமிச்சை. குழம்பும் இல்லை, சட்னியும் இல்லை. அப்பா உடனே சாப்பிடவில்லை. கத்தி நுனியால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மேலோட்டுக்கும் கறிக்கும் நடுவே கத்தி தாராளமாக நுழைந்தது. அடியில் பேப்பர் நாப்கினை வைத்து ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல ஷ்னிட்சல் என்றால் அதன் மேல் உட்கார்ந்து எழுந்தாலும் கால்சட்டையில் எண்ணெய்க் கறை படக்கூடாது என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. அத்தான் அதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். பெரியவள் அவசரமாகப் படம் எடுத்தாள், உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பாதிதான் அப்பா சாப்பிட்டார். மீதியைக் கடைக்காரரே அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்தார். சாயங்காலம் சர்க்கரை பார்த்தோம், கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. தினமும் இதைக் கொடு என்று நான் சொல்லவில்லை. பட்டியல் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பட்டியலை எழுதும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுது என்கிறேன்.

உனக்குச் சரித்திரக் கதை பிடிக்குமே, ஒன்று சொல்கிறேன். ராடெட்ஸ்கி என்ற தளபதி 1857-ல் மிலான் நகரத்திலிருந்து இந்தச் சமையலைக் கொண்டுவந்தார் என்று சாப்பிடும்போது அத்தான் ஆரம்பித்தார். பெரியவள் விடவில்லை. கிளாகன்ஃபுர்ட் பல்கலைக்கழகத்து மொழியியலாளர் ஹைன்ஸ்-டீட்டர் போல் அதற்கு ஆதாரமே இல்லை என்று காட்டிவிட்டார் என்றும், கோழியை இப்படி ரொட்டித்தூளில் பொரிப்பது ராடெட்ஸ்கிக்கு முன்பே வியன்னாவில் இருந்தது என்றும் அடித்துச் சொன்னாள். அப்பா நடுவில் புகுந்து, "வந்தவன் போனவன் பேரெல்லாம் கடைசில ஒரு பெரிய மனுஷன் கணக்குலதான் ஏறும்" என்று தீர்ப்புச் சொன்னார். எத்தனை நாளாயிற்று அவர் இப்படிப் பேசி!

அத்தையும் வயிறாரச் சாப்பிட்டார். சூப் கலக்காமல் வேகவைத்த உருளைக்கிழங்கில் வெண்ணெயும் பார்ஸ்லி இலையும் போட்டுத் தரச் சொன்னோம். கூடவே கீரை சாலட். அதன் மேல் கரும்பச்சையாக ஓர் எண்ணெய் ஊற்றியிருந்தது. ஸ்டைரியா மாநிலத்துப் பூசணி விதையை வறுத்துப் பிழிந்த எண்ணெய். அத்தை தயங்கியதும் அப்பா ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தார், நாக்கில் வைத்தார். "நல்ல வறுவல், கலப்படமில்ல, சாப்பிடு" என்று தங்கைக்கு உத்தரவாதம் கொடுத்தார். கடைசியில் முட்டை சேர்க்காத ஆப்பிள் ஸ்ட்ரூடல். வீச்சுப் புரோட்டா மாதிரி மாவைக் கண்ணாடியாக இழுத்து, ஆப்பிளும் பட்டைத்தூளும் உலர்ந்த திராட்சையும் வைத்துச் சுருட்டிச் சுடுவது. அத்தை ஒரு துண்டு முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, செய்முறையை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஸ்ட்ரூடல் வந்த நேரத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது. அப்பா என்னைப் பார்த்துப் பேசவில்லை, அத்தையிடம்தான் சொன்னார். "கடை முன்னறையில பழையபடி மளிகை போட முடியாது, அதெல்லாம் எனக்குத் தெம்பு இல்ல. செக்கு எண்ணெய் மட்டும் வச்சா என்ன? நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், ரெண்டு டின். காலையில ஒரு ரெண்டு மணி நேரம் உக்காந்தா போதும்." அத்தை, உட்காரேன் அண்ணே, யார் வேண்டாம்னா என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. ஸ்பூனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

தம்பியிடம் சொன்னீர்களா அப்பா என்று நான் கேட்டேன். "அவன் கேக்கலையே ட்டி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. உன் மேல் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கடைக்குப் போகவேண்டிய மகன் ஆபீசுக்கும் போய்க்கொண்டு அப்பாவையும் அலுங்காமல் வைத்துப் பார்க்கிறானே என்று இங்கே வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறார். கடையை மூடச் சொன்னதும் நியாயம்தான். மூட்டை தூக்குகிற வயதா அவருக்கு? அம்மா படுக்கையில் இருந்த அந்த மாதங்களில் நீ ஒருத்தன்தான் எல்லாவற்றையும் தாங்கினாய். அதை நான் ஒரு நாளும் மறக்க மாட்டேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை பேர் அவரிடம் கேட்பார்கள்? எந்த அரிசி பொங்கலுக்கு நல்லது, இந்தப் புளி பழசா புதுசா, கல்யாணத்துக்கு எண்ணெய் எவ்வளவு வாங்கலாம் என்று. ராத்திரி கடை அடைத்து வந்தால் அம்மா கேட்பாள். கடையும் போயிற்று, அம்மாவும் போய்விட்டாள். இப்போது அவருக்கு எல்லாம் வேளாவேளைக்கு வருகிறது, யாரும் எதையும் கேட்பதில்லை. எது இருந்தாலும் சரி என்று அவர் சொல்வது அலுப்பினால் என்றுதான் நாம் நினைத்தோம். இன்று அந்தச் சமையலறை வாசலில் நின்று பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். பில் கேட்டதும் பரிமாறுகிறவர் மேசைக்கே வந்து, கூடையில் இருந்த ரொட்டியில் எத்தனை எடுத்தீர்கள் என்று நம்மையே கேட்டுக் கணக்கில் சேர்த்தார். இங்கே அதுதான் வழக்கம். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "சாப்பிட்டவன் வாயாலயே கணக்குச் சொல்ல விடுதான், இவன் வியாபாரம் நிக்கும்" என்றார். பில்லைத் தானே வாங்கி வரி வரியாகக் கூட்டிப் பார்த்தார். அத்தான் மொத்தத்தைச் சொல்லி, அன்பளிப்பும் சேர்த்துக் கொடுத்தார். கிளம்பும்போது பரிமாறுகிறவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டிராமில் வரும்போது வழியெல்லாம் பூசணி எண்ணெய் என்ன விலை, எத்தனை நாள் தாங்கும், எப்படி அடைப்பார்கள் என்று சின்னவனைக் கேள்வியால் துளைத்துக்கொண்டே வந்தார்.

முன்னறையைச் செல்போன் கடைக்காரருக்கு வாடகைக்கு விடப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல வாடகை, நல்ல ஆள், எல்லாம் சரி. உனக்கும் செலவு கூடிக்கொண்டே போகிறது, எனக்குத் தெரியாதா? மூத்தவனின் கல்லூரிப் பணத்தை நானும் அத்தானும் பார்த்துக்கொள்கிறோம், அதில் நீ மறுப்புச் சொல்லக்கூடாது. முன்பணம் மட்டும் இப்போது வாங்கிவிடாதே. அப்பா ஊருக்கு வரட்டும். அவர் எண்ணெய்க்கடை வைத்தாலும் சரி, நாலு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாலும் சரி. அந்த முடிவு அவர் வாயிலிருந்து வரவேண்டும். செல்போன் கடைக்காரரிடம் ஒரு மாதம் தவணை கேள். அவர் போனால் இன்னொருத்தர் வருவார், நம் கடை இருக்கிற இடம் அப்படி.

திருவனந்தபுரத்தில் இறங்கி வரும்போது எப்படியும் பிரானூர் வழியாகத்தான் வருவீர்கள். அங்கே காரை நிறுத்து. புரோட்டா வேண்டுமா, டீ மட்டும் போதுமா என்று அவரையே கேள். எது இருந்தாலும் சரி என்றால் விட்டுவிடாதே, இன்னொரு தரம் கேள். சாப்பிட்டு முடித்ததும் கடை விஷயத்தை நீயாக எடு. நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். அவர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. அது நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை.

பிள்ளைகளுக்கு முத்தங்கள். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் அக்கா